காய்ச் சண்டையை விடுங்கள், பயற்றை ஊறவையுங்கள்

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன், இதே நிலைமையில் இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும். வீட்டில் நான்கு பேர். கணவருக்கு 42 வயது, சர்க்கரை எல்லையில் நிற்கிறது, கொழுப்பும் கொஞ்சம் கூடுதல். அவருக்கு மூன்று வேளையும் சோறு அல்லது இட்லி வேண்டும், வாரத்தில் இரண்டு ராத்திரி பரோட்டா. 9 வயது மகன் கறிவேப்பிலையைக்கூடப் பொறுக்கி ஓரத்தில் வைக்கிறான். வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் மலம் கழிக்கிறான், அதுவும் அழுதுகொண்டே. மாமியாருக்கு 68, பல்செட் போட்டிருக்கிறார். டாக்டர் "நார்ச்சத்தைக் கூட்டுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நீங்களும் பொரியலைக் கூட்டினீர்கள். இப்போது தினமும் பாதிப் பொரியல் குப்பைக்குப் போகிறது, சாப்பிட உட்கார்ந்தாலே சண்டை. இதை எப்படிச் சரிசெய்வது, இசப்கோல் (மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் ஒரு விதையின் உமி) வாங்கி எல்லோருக்கும் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மதுரையில் 20 வருடத்துக்கு மேலாக உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் நீங்கள் தொடங்கிய இடத்தில்தான் தொடங்குகிறார்கள். நார்ச்சத்து என்றதும் காய், கீரை என்று மனது போய்விடுகிறது. அது தப்பில்லை. ஆனால் காய் பிடிக்காத வீட்டில் அதுதான் ரொம்பக் கஷ்டமான வழி. பொரியல் சண்டையைக் கொஞ்ச நாளைக்கு அப்படியே விடுங்கள். பயறு, மாவு, துவையல் வழியாகப் போனால் பாதித் தூரத்தை யாரும் முகம் சுளிக்காமலே கடந்துவிடலாம்.

ஏன் என்பதற்குக் கணக்கைப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிற பெரியவருக்கு 30 கிராம் நார்ச்சத்து தேவை என்பது ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அளவு. குழந்தைக்கு வயதோடு 5 கூட்டிக்கொள்ளுங்கள் என்று ஒரு சுலபக் கணக்கு உண்டு. உங்கள் மகனுக்குக் குறைந்தது 14 கிராம்.

இப்போது உங்கள் கணவரின் தட்டு. இட்லியும் சோறுமாக ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். தீட்டிய பச்சரிசியில் 100 கிராமுக்கு 3 கிராமுக்கும் குறைவாகத்தான் நார்ச்சத்து இருக்கிறது. புழுங்கலரிசியில் ஒரு கிராம் போலக் கூடுதல். ஆக அரிசியிலிருந்து 8 முதல் 11 கிராம். சாம்பாரில் 30 கிராம் துவரம்பருப்பு, அதில் 3 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. தப்பித்தவறி அவர் சாப்பிடுகிற காய் 100 கிராம் என்றால் இன்னொரு 3 கிராம். சட்னி, வெங்காயம் எல்லாம் சேர்த்து 1 அல்லது 2. கூட்டிப் பாருங்கள், 15 முதல் 19 வரும். பாதி வழியில் நிற்கிறோம்.

மீதிப் பாதியை முட்டைக்கோஸ் பொரியலால் நிரப்ப வேண்டுமானால் அரைக் கிலோ முட்டைக்கோஸ் வேண்டும், ஏனென்றால் அதில் 100 கிராமுக்கு 3 கிராம்கூட வராது. தக்காளியில் 2 கிராமுக்குள்தான். காய்களில் பெரும்பங்கு தண்ணீர், அதனால் இந்த அளவு. அதே சமயம் கருப்புக் கொண்டைக்கடலையில் 100 கிராமுக்கு 25 கிராம் நார்ச்சத்து! முழுப் பாசிப்பயற்றில் 17. கையால் ஒரு பிடி அள்ளினால் 30 கிராம் கொண்டைக்கடலை இருக்கும், அதுவே 7 கிராமுக்கு மேல் கொடுத்துவிடும். கூடவே ஒரு கொய்யாப்பழம். 100 கிராம் கொய்யாவில் 8 கிராம் அளவுக்கு இருக்கிறது. ஒரு பிடிச் சுண்டல், ஒரு கொய்யா, 15 கிராம் வந்துவிட்டது. ஒரு துண்டு காயைக்கூட யாருக்கும் ஊட்டவில்லை.

காயே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வைட்டமினுக்கும் தாதுக்களுக்கும் காய் வேண்டும், கட்டாயம் வேண்டும். முதலில் வீட்டில் சமாதானம் வரட்டும். வயிறு நார்ச்சத்துக்குப் பழகட்டும். காய் பின்னால் தானாக வரும். வருவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இட்லி மாவிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அது உங்கள் வீட்டில் தினமும் செலவாகிறது. உருட்டு உளுந்துக்குப் பதிலாகத் தொலியோடு இருக்கும் கருப்பு உளுந்தை ஊறப்போட்டால் அதன் நார்ச்சத்து 12 கிராமிலிருந்து 20 கிராமுக்கு ஏறுகிறது. நாலு டம்ளர் அரிசியில் ஒரு டம்ளரைக் கம்பாகவோ குதிரைவாலியாகவோ மாற்றலாம். கம்பில் 100 கிராமுக்கு 11 கிராம் இருக்கிறது. இந்த இரண்டையும் செய்தால் ஐந்து இட்லி சாப்பிடுகிறவருக்கு ஒரு வேளைக்கு 3 கிராம் கூடும். பெரிதாகத் தெரியாது, ஆனால் வருடம் முழுக்கத் தினமும் வருகிற 3 கிராம் அது.

இதில் ஒரு சங்கடம் உண்டு, அதை நானே பட்டிருக்கிறேன். மல்லிகைப்பூ மாதிரி வெள்ளை இட்லியில் வளர்ந்த ஊர் இது. நான் முதல் தடவை கருப்பு உளுந்தைத் தொலி கழுவாமல் அப்படியே ஆட்டி ஊற்றினேன். இட்லி சாம்பல் நிறத்தில், மேலெல்லாம் கருப்புப் புள்ளியோடு வந்தது. அப்போது என் மகனுக்கு ஏழு வயது. தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "இதுல என்னம்மா, பூச்சியா?" என்று கேட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டான். அன்று முழுக்க இட்லிப் பக்கமே வரவில்லை.

அடுத்த முறை முறையை மாற்றினேன். உளுந்து ஊறியதும் கையால் கசக்கிப் பாதித் தொலியை மட்டும் களைந்தேன். அந்த மாவில் இட்லி ஊற்றவில்லை, குழிப்பணியாரம் சுட்டேன். சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, கடுகு, கடலைப்பருப்பு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை எல்லாம் நல்லெண்ணெயில் தாளித்து மாவில் கொட்டிக் கலந்தேன். கறிவேப்பிலையை முழுசாகப் போடாமல் கத்தரித்துப் போட்டேன். பணியாரம் வெளியே பொன்னிறமாக, ஓரம் மொறுமொறுவென்று இருக்கும்போது உள்ளே மாவு என்ன நிறம் என்று யார் பார்க்கப்போகிறார்கள்? எட்டுப் பணியாரம் சாப்பிட்டான். ஒரு வாரம் பணியாரம், அதற்கடுத்த வாரம் முறுகலான தோசை, மூன்றாவது வாரம்தான் இட்லி. அதற்குள் அவன் கண்ணும் பழகிவிட்டது. ஒருநாள் "இது என்ன மாவு?" என்று கேட்டான். கருப்பு உளுந்து என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். கேட்கிற வரை நாமாகச் சொல்லத் தேவையில்லை, கேட்டால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு தடவை ஏமாற்றப்பட்டோம் என்று தெரிந்தால் அந்தப் பிள்ளை எல்லாத் தட்டையும் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்துவிடும்.

சிறுதானியம் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பேரையூர், டி.கல்லுப்பட்டிப் பக்கம் குதிரைவாலி நம் மாவட்டத்திலேயே விளைகிறது. ஆனால் கடைக்கு வரும்போது பளபளவென்று வெள்ளையாகத் தீட்டி வருவதும் உண்டு. அப்படித் தீட்டினால் தவிடும் அதோடு நார்ச்சத்தும் போய்விடும், அப்புறம் அரிசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. கொஞ்சம் மங்கலாக, பழுப்பு படிந்தாற்போல இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். மதியச் சோற்றிலும் இதைக் கலக்கலாம், ஆனால் மதியச் சோறுதான் கணவர்மார் கடைசியாக விட்டுக்கொடுக்கிற இடம். அதில் முதல் மாதம் கை வைக்க வேண்டாம் என்பது என் அனுபவம். வேண்டுமானால் பழைய சோற்றைத் திரும்பக் கொண்டுவாருங்கள். சோறு ஆறிக் குளிரும்போது அதிலுள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. அது குடலுக்குள் போய் நார்ச்சத்து மாதிரியே வேலை செய்யும். கூடவே நாலு சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இனி குழம்பு. வெஞ்சனம் என்று தட்டில் தனியாக வைத்தால் ஒதுக்கிவிடுகிற ஆட்களும் குழம்புக்குள் கிடப்பதைச் சாப்பிட்டுவிடுவார்கள். அதற்கு நம் ஊரில் ஏற்கெனவே அருமையான வழி இருக்கிறது. கருவாட்டுக் குழம்பில் மொச்சையும் கத்தரிக்காயும் போடுகிறோமே, அந்த மொச்சையைப் பேருக்கு நாலு போடாமல் ஆளுக்கு ஒரு குழிக்கரண்டி வருகிற மாதிரி போடுங்கள். கருவாட்டு வாசத்தில் ஊறிய மொச்சையை வேண்டாமென்று சொல்கிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. புளிக்குழம்பில் தட்டாம்பயறு, வத்தக்குழம்பில் கருப்புக் கொண்டைக்கடலை. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பில் வாழைக்காயையோ கத்தரிக்காயையோ பெரிய துண்டாக நறுக்கிப் போடுங்கள், கறியின் காரம் அதில் ஏறிவிடும்.

முருங்கைக்காய் பற்றி ஒரு வார்த்தை. அதில் நார்ச்சத்து அதிகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான், ஆனால் நாம் சதையை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பிவிடுகிறோமே! துப்பியது கணக்கில் சேராது. முருங்கைக்கீரை அப்படியில்லை, போட்டதெல்லாம் உள்ளே போகும். அடை மாவில் ஒரு பிடி உருவிப் போடுங்கள். நம் ஊரில் சாயங்காலம் தள்ளுவண்டியில் முள்ளுமுருங்கை வடை சுடுகிறார்கள், பிள்ளைகள் பச்சை நிறத்தைப் பார்த்து ஓடாமல் நின்று வாங்கிச் சாப்பிடுகிறார்கள். கீரையை மாவோடு சேர்த்தால் பிள்ளைகளுக்கு அது கீரையாகவே தெரிவதில்லை.

சட்னி, துவையலில்தான் இன்னும் நிறைய இடம் இருக்கிறது. மதுரையில் இட்லிக்கு ஒரே சட்னி வைத்தால் குறையாகப் பார்ப்பார்கள். மூன்று நான்கு வகை கேட்கிற நாக்கு. அந்த ஆசையையே பயன்படுத்துங்கள். பீர்க்கங்காய் வாங்கும்போது அதன் தோலைச் சீவிக் குப்பையில் போடாதீர்கள். ஓரத்து நரம்பை மட்டும் எடுத்துவிட்டு, தோலைக் கழுவி, நல்லெண்ணெயில் சுருள வதக்குங்கள். பச்சை வாசம் போக வதக்குவது முக்கியம், இல்லாவிட்டால் புல் வாசம் அடிக்கும். இன்னொரு பக்கம் உளுந்து, வரமிளகாய் வறுத்து, துளி புளி, உப்பு, இரண்டு பல் பூண்டு சேர்த்துக் கொஞ்சம் கொரகொரப்பாக அரையுங்கள். சூடான சோற்றில் எண்ணெய் விட்டுப் பிசைந்தால் கணவர் இரண்டாம் தடவை கேட்பார். மல்லிச் சட்னிக்குத் தழையோடு தண்டையும் சேர்த்தே அரையுங்கள், தண்டிலும் நல்ல வாசம் உண்டு. கொள்ளுப் பயற்றை ரசம் வைத்து வடிகட்டினால் நார்ச்சத்து சக்கையோடு போய்விடும். துவையலாக அரைத்தால் முழுதும் உங்களுடையது.

வடிகட்டுவது, சலிப்பது, சீவுவது. இந்த மூன்றிலும் நாம் நிறைய இழக்கிறோம். கோதுமையை மாவு மில்லில் கொடுத்து அரைத்துக் கொண்டுவந்து, வீட்டில் நைசான சல்லடையில் சலித்துத் தவிட்டைக் கொட்டிவிடுகிற வீடுகள் நிறைய. முழுக் கோதுமை மாவில் 100 கிராமுக்கு 11 கிராம், மைதாவில் 3 கிராம்கூட இல்லை. இடையில் போனது தவிடுதான். பெரிய கண் சல்லடையில் தூசி, கல் பார்த்துவிட்டு அப்படியே பிசையுங்கள். மாவை அரை மணி நேரம் ஊறவைத்தால் சப்பாத்தி மெத்தென்றே வரும். கேப்பை மாவும் அப்படித்தான். கைக்குழந்தைக்குச் சலித்துக் காய்ச்சுவது சரி, 9 வயதுப் பையனுக்குச் சலிக்க வேண்டியதில்லை. சாத்துக்குடியைப் பிழிந்து ஜூஸாகக் கொடுத்தால் சீனித்தண்ணீர்தான் மிஞ்சும். சுளையாகக் கொடுங்கள்.

பரோட்டாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை நிறுத்தச் சொல்லி நான் யாரிடமும் வெற்றி பெற்றதில்லை. வாரத்தில் இரண்டு ராத்திரியை ஒன்றாக்குங்கள். அந்த ஒரு ராத்திரியும் நாலு பரோட்டாவை இரண்டாக்கி, வீட்டில் வைத்த பட்டாணிக் குருமாவோ கொண்டைக்கடலைக் குருமாவோ கிண்ணம் நிறையக் கொடுங்கள்.

இப்போது உங்கள் மகன். இவனைப் பற்றித்தான் எனக்கு அதிக அக்கறை. வாரத்தில் இரண்டு மூன்று நாள், அழுகை என்றால் அது சாப்பாட்டுப் பிரச்சினை மட்டுமாக இருக்காது. ஒருமுறை வலித்த பிள்ளை அடுத்த முறை பயந்து அடக்கும். அடக்க அடக்க மலம் இறுகும், இன்னும் வலிக்கும். பள்ளிக்கூடக் கழிவறைக்குப் போகப் பிடிக்காமல் காலையிலிருந்து சாயங்காலம் வரை அடக்குகிற பிள்ளைகள் ஏராளம். அங்கே போக வேண்டிவரும் என்று தண்ணீரையும் குடிக்காமல் பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவருவார்கள். உங்கள் மகன் சாயங்காலம் கொண்டுவருகிற பாட்டிலை ஒரு வாரம் தூக்கிப் பாருங்கள், உங்களுக்கே தெரிந்துவிடும்.

அதனால் முதலில் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். உள்ளே இறுகிக் கிடப்பதை இளக்க மருந்து தேவைப்படலாம். இறுகிப்போய்க் கிடக்கும்போது மேலே மேலே நார்ச்சத்தைத் திணித்தால் வயிற்றுவலிதான் கூடும். இளகிய பிறகு உணவு தன் வேலையைச் செய்யும். காலைச் சாப்பாடு முடிந்த கால் மணி நேரத்துக்குள் குடல் தானாக அசையும், அது இயற்கை. அந்த நேரத்தில் ஒரு 5, 10 நிமிடம் அவசரப்படுத்தாமல் உட்காரவிடுங்கள். மேலைநாட்டுக் கழிப்பறை என்றால் கால் தொங்காமல் இருக்க ஒரு முக்காலியைக் காலுக்கடியில் போடுங்கள். அதற்காக அவனைப் பத்து நிமிடம் முன்னால் எழுப்ப வேண்டிவரும், எழுப்புங்கள்.

பால் எவ்வளவு குடிக்கிறான் என்று எழுதவில்லை. காய் சாப்பிடாத பிள்ளைக்குச் சத்துக் குறைந்துவிடும் என்று பயந்து மூன்று நாலு டம்ளர் பால் கொடுக்கிற அம்மாக்கள் உண்டு. பாலில் நார்ச்சத்து துளியும் கிடையாது, வயிற்றையும் அடைத்துவிடும், பசியே எடுக்காது. சில பிள்ளைகளுக்கு மலச்சிக்கலே அதனால்தான். நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் வேண்டாம்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இருக்கிற பசிதான் பொன்னான நேரம். அந்தப் பசிக்குக் காராச்சேவு, பிஸ்கட் டப்பா கைக்கு எட்டினால் அது போய்விடும். எட்டாத உயரத்தில் வைத்துவிட்டுச் சுண்டலை மேஜைமேல் வையுங்கள். வேகவைத்த கருப்புக் கொண்டைக்கடலை, தேங்காய்ப்பூ, மாங்காய் கிடைக்கிற காலத்தில் பல்லுப்பல்லாக மாங்காய். ஒருநாள் அவித்த நிலக்கடலை, ஒருநாள் சர்க்கரைவள்ளிக்கிழங்கு. தைப் பொங்கலை ஒட்டிப் பனங்கிழங்கு வரும், அதை அவித்து நடுத்தண்டை உருவி, நார் உரித்து உரித்துச் சாப்பிடுவதே பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. கொய்யாவுக்குப் பழனிப் பக்கத்து ஆயக்குடிப் பழம் நமக்குத் தாராளமாக வருகிறது. முக்கால் பழுத்ததாக வாங்கி, கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுங்கள். விதையைத் துப்பச் சொல்லாதீர்கள். "சாப்பிடு, சாப்பிடு" என்று தலைமேல் நிற்கவும் வேண்டாம். நீங்களும் ஒரு கிண்ணம் எடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவன் இரண்டு கடலை எடுத்தால் போதும். ஒரு புதுச் சாப்பாட்டை ஒரு பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து முறை அது கண்ணில் பட வேண்டியிருக்கும். மூன்றாவது முறையிலேயே "இவனுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அவனைக் காய் வாங்கக் கூட்டிப் போங்கள். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பரில் திறந்தது நம் மதுரை அண்ணா நகரில்தான். காலையில் அங்கே போனால் அவரைக்காயும் கீரைக்கட்டும் ஈரத்தோடு இருக்கும். அவனையே ஒரு காயைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தான் தூக்கிவந்த காயை ஒரு வாய் ருசி பார்க்காமல் விடுகிற பிள்ளை குறைவு.

மாமியாருக்கு வழி வேறு. பல்செட் போட்டவருக்குச் சுண்டல் கஷ்டம், கொய்யா விதை பல்செட்டுக்கு அடியில் போய் உறுத்தும். அவருக்கு மசிந்தது, அரைத்தது, குழைந்தது. பாசிப்பயறு கடையல், கீரை மசியல், மேலே சொன்ன துவையல்கள், கம்மங்கூழ், நன்றாகப் பழுத்த பப்பாளி, ராத்திரி ஊறவைத்த உலர்திராட்சை நசுக்கியது. அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை, சில கால்சியம் மாத்திரைகள் மலத்தை இறுக்கும். அப்படி ஏதாவது இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். ராத்திரி எழுந்து போக வேண்டிவரும் என்று வயதானவர்கள் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை. பகலில் கூட்டிக் கொடுங்கள்.

தண்ணீர் என்று சொன்னதும் இதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நார்ச்சத்தில் இரண்டு வகை. கோதுமைத் தவிடு, பயற்றுத் தொலி மாதிரிக் கரையாதது ஒன்று, அது மலத்துக்குப் பருமன் கொடுத்துத் தள்ளும். இன்னொன்று தண்ணீரில் கரைந்து வழுவழுப்பாகும். வெண்டைக்காயின் கொழகொழப்பு அதுதான். ஜிகர்தண்டாவில் போடுகிற பாதாம் பிசினை ஊறப்போட்டுப் பார்த்திருப்பீர்கள். ராத்திரி சுண்டைக்காய் அளவுக்குப் போட்டது காலையில் கிண்ணம் நிறைய வீங்கி நிற்கும். கரையும் நார்ச்சத்து வயிற்றுக்குள்ளும் இதே மாதிரி தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கூழாகிறது. சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கிறது, கெட்ட கொழுப்பு குறையவும் உதவுகிறது. உங்கள் கணவருக்கு இந்த இரண்டாவது வகை முக்கியம், பயறுகளில் அதுவும் இருக்கிறது. இதற்காக ஜிகர்தண்டாவை மருந்தாக எடுத்துக்கொண்டுவிடாதீர்கள், அதில் சீனியும் ஐஸ்கிரீமும் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பிசின் எவ்வளவு தண்ணீரை இழுத்தது என்று நினைத்துப் பாருங்கள். தண்ணீர் இல்லாமல் நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் மலச்சிக்கல் குறையாது, கூடும். மதுரை வெயிலில் பெரியவர்களுக்கு இரண்டரை, மூன்று லிட்டர் வேண்டும்.

அப்புறம், மெதுவாகப் போங்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். இந்தத் துறைக்கு வந்த புதிதில் ஆர்வத்தில் என் வீட்டில் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றினேன். காலையில் கேப்பை, மதியம் சிறுதானியச் சோறு, சாயங்காலம் சுண்டல், ராத்திரி முழுக்கோதுமை. நாலாவது நாள் வீட்டில் எல்லோருக்கும் வயிறு உப்பி, என் மாமனார் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. குடலில் இருக்கிற நுண்ணுயிர்கள்தான் இந்த நார்ச்சத்தைத் தின்று வாயுவை விடுகின்றன. அவை புது உணவுக்குப் பழக இரண்டு மூன்று வாரம் வேண்டும். வாரத்துக்கு ஒரு மாற்றம், அது போதும். பயற்றை 8 மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவையுங்கள். வாயு உண்டாக்கும் சர்க்கரைப் பொருள்களில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடும். முளைகட்டினால் இன்னும் குறையும். பெருங்காயமும் இஞ்சியும் நம் பாட்டிமார் சேர்த்த மாதிரியே சேருங்கள்.

உங்கள் வீட்டுக்கு நான் போட்டுக்கொடுப்பது இப்படி இருக்கும். முதல் வாரம் சாயங்காலச் சுண்டல், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள், மாமியாருக்கு மட்டும் அதே பயற்றைக் கடையலாக. இரண்டாம் வாரம் கருப்பு உளுந்து மாவில் பணியாரம். மூன்றாம் வாரம் குழம்பில் பயறு, ஒரு துவையல். நாலாவது வாரம் தினம் ஒரு பழம், மாவில் ஒரு டம்ளர் கம்பு. இரண்டாவது மாதம் பொரியலைத் திரும்ப மேஜைக்குக் கொண்டுவாருங்கள், சின்னக் கிண்ணத்தில், எதுவும் சொல்லாமல்.

கடையில் 'மல்டிகிரெய்ன்', 'பிரவுன்' என்று போட்ட பிஸ்கட், ரொட்டி வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்புங்கள். பட்டியலில் முதலில் இருப்பதுதான் அதிகம் சேர்ந்த பொருள். அது மைதா என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

வீட்டில் யாருக்காவது மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவு, பெரியவர்களுக்குப் புதிதாக மலம் கழிக்கும் வழக்கமே மாறிப்போவது, வாந்தியோடு வயிறு இறுகுவது என்று எது இருந்தாலும் சாப்பாட்டை மாற்றிக்கொண்டு காத்திருக்காதீர்கள், உடனே டாக்டரைப் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவருக்குப் பயறும் கீரையும் பழமும் பொட்டாசியத்தைக் கூட்டும் என்பதால் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

கடைசியாக இசப்கோல். கணவருக்குக் கொடுக்கலாம். ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்தவுடன் குடித்துவிட வேண்டும், வைத்திருந்தால் கூழாகிவிடும். அதற்குப் பிறகு இன்னொரு டம்ளர் தண்ணீர். மாமியாருக்கு விழுங்குவதில் சிரமம் எதுவும் இல்லையென்றால் மட்டும், உட்கார்ந்த நிலையில், படுக்கப் போகும் நேரத்துக்கு நன்கு முன்பாக. மாத்திரைகளுக்கும் இதற்கும் இடையே 2 மணி நேரம் இடைவெளி இருக்கட்டும், இல்லாவிட்டால் சில மாத்திரைகள் உடம்பில் சரியாகச் சேராது. மகனுக்கு நீங்களாகக் கொடுக்க வேண்டாம். அவனைக் குழந்தை மருத்துவரிடம் காட்டும்போது கேளுங்கள், கூடவே அந்தத் தண்ணீர் பாட்டில் விஷயத்தையும் சொல்லுங்கள்.